ஜன்னல் வழியே ஓர் ஊர்

கொள்ளைநோய் வந்தால் கதவை மூடச் சொல்வது அரசின் வேலை. ஆனால் மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பவர் எத்தனை நாள் மனித முகம் பார்க்காமல் இருப்பார்? 2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கில் உலகம் முழுவதும் எழுந்த கேள்வி இது. இத்தாலிய நகரங்களோ இதை 400 ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்துவிட்டன!

1576ஆம் ஆண்டு மிலான் நகரில் பிளேக் பரவியது. ஆளுநர் ஊரை விட்டு வெளியேறினார். பேராயர் கார்லோ பொரோமியோ ஊரிலேயே தங்கினார். இலையுதிர் காலத்தில் மக்கள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று உத்தரவு வந்தது. கோயிலுக்குக்கூடப் போக முடியாது. அதனால் கோயில் தெருவுக்கு வந்தது. தெரு முனைகளில் பீடங்கள் அமைக்கப்பட்டன. குருக்கள் அங்கே திருப்பலி நிறைவேற்ற, மக்கள் ஜன்னலில் நின்றபடியே பங்கேற்றார்கள்.

நாள்தோறும் ஏழு முறை மணி ஒலிக்கும். உடனே எல்லோரும் ஜன்னலுக்கு வருவார்கள். ஒரு பக்கத்து வீடுகள் பாடத் தொடங்க, எதிர்ப்பக்கத்து வீடுகள் பதில் பாடும். பக்திக்காக வந்த ஏற்பாடுதான் அது. ஆனால் எதிர்வீட்டுக்காரர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளவும் அந்த மணி உதவியிருக்கும் அல்லவா?

அடுத்து புளோரன்ஸ். அங்கே 1630இல் பிளேக் நுழைந்தது. 1631 ஜனவரியில் நகரம் முழுவதற்கும் 40 நாள் முடக்கம் அறிவிக்கப்பட்டு, பிறகு அது நீட்டிக்கப்பட்டது. வேலையிழந்த ஏழைகள் பட்டினி கிடந்தால் எந்த உத்தரவும் நிற்காது என்பது நகரச் சுகாதார அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. எனவே ரொட்டி, திராட்சை மது, இறைச்சி, அரிசி, பாலாடைக்கட்டி எல்லாம் வீடு தேடி வந்தன.

வயிற்றுக்கு வழி செய்தாயிற்று. மனத்துக்கு? அந்நாளைய வழக்குப் பதிவுகளைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. திருட்டு போன்ற குற்றங்களோடு, அக்கம்பக்கத்தாரோடு பேசியதற்காகவும், ஒன்றுகூடி நடனம் ஆடியதற்காகவும் பிடிபட்டவர்களும் அதில் இருக்கிறார்கள்! சிலருக்குச் சிறை, சிலருக்கு அபராதம். அவர்கள் நோயைப் பரப்ப நினைத்தவர்கள் அல்லர். தனிமையைத் தாங்க முடியாதவர்கள். அதே சமயம், சட்டத்தையும் குறை சொல்லிவிட முடியாது. ஒரு நடனம் பல வீடுகளைக் காலி செய்யக்கூடிய காலம் அது.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைக் கண்டவர்கள் வியாபாரிகள். புளோரன்ஸின் செல்வக் குடும்பங்கள் தங்கள் தோட்டத்து மதுவை இடைத்தரகர் இல்லாமல் வீட்டிலேயே விற்று வந்தன. அதற்காகச் சுவரில் ஒரு குப்பி நுழையும் அளவுக்குச் சிறிய ஜன்னல் இருக்கும். பிளேக் காலத்தில் இதுவே பாதுகாப்பான கடையாயிற்று. பிரான்செஸ்கோ ரொண்டினெல்லி 1634இல் வெளியான தம் நூலில் இதைக் குறிப்பிடுகிறார். விற்பவர் காசைக் கையால் தொடாமல் உலோகக் கரண்டியில் வாங்கி வினிகரில் போடுவாராம். கை படவில்லை, ஆனால் குரல் கேட்டது. கொடுக்கல் வாங்கல் என்பது பணம் மட்டும் அல்ல. நாளுக்கு ஒரு முறை இன்னொரு மனிதரிடம் இரண்டு வார்த்தை பேசுவதும் அதில் அடக்கம்.

2020 மார்ச் மாதம் இத்தாலி முழுவதும் முடக்கப்பட்டபோது, மக்கள் மறுபடியும் ஜன்னலுக்கும் பால்கனிக்கும்தான் வந்தார்கள். மார்ச் 13 மாலை பல ஊர்களில் பாட்டு ஒலித்தது. மறுநாள் நண்பகல் மருத்துவப் பணியாளர்களுக்காகக் கைதட்டல். நேப்பிள்ஸில் மாடியிலிருந்து கயிற்றில் கூடைகள் இறங்கின. மேல்மாடிக்காரர்கள் காய்கறி வாங்கக் காலங்காலமாகப் பயன்படுத்தும் கூடைதான். இப்போது அதில் ஒரு குறிப்பும் இருந்தது: முடிந்தவர் போடலாம், முடியாதவர் எடுத்துக்கொள்ளலாம். புளோரன்ஸிலும் சில கடைகள் அந்தப் பழைய மது ஜன்னல்களை மீண்டும் திறந்து, காபியும் ஐஸ்கிரீமும்கூட விற்றன.

இறப்புகள் கூடக்கூடப் பால்கனிப் பாட்டு குறைந்துபோனது உண்மை. பாட்டு நோயைத் தீர்க்கவில்லை. 1576இலும் மணியோசை பிளேக்கை விரட்டவில்லை. மிலானில் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். ஆனால் வீட்டுக்குள் அடங்கியிருக்க மனிதருக்கு ரொட்டி மட்டும் போதாது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு முகமும், "இருக்கிறீர்களா?" என்று கேட்க ஒரு குரலும் வேண்டும். அடுத்த கொள்ளைநோய்க்குத் திட்டம் போடுகிறவர்கள் அரிசி, மருந்துக் கணக்கோடு இதையும் சேர்த்து எழுதிக்கொண்டால் நல்லது.