பழைய ஹோண்டா சிட்டி வாங்கப் போறீங்களா? எந்த ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும்?

கையில் ஐந்து, ஆறு லட்சம் ரூபாய் இருக்கு. புதுசா ஒரு சின்ன கார் வாங்கலாமா, இல்லை அதே காசுக்குப் பழைய செடான் ஒன்றை எடுக்கலாமா? நடுத்தரக் குடும்பங்களில் இந்தக் கேள்வி வரும்போது முதலில் அடிபடும் பெயர்களில் ஒன்று ஹோண்டா சிட்டி. 1998-ல் இந்தியாவுக்கு வந்த கார். இப்போது பழைய கார் சந்தையில் அதிகம் கைமாறுவது 2014-ல் அறிமுகமான நான்காம் தலைமுறை மாடல்.

இதன் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் பெயர் வாங்கியது. டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் லட்சம் கி.மீ. தாண்டியும் பெரிதாகப் படுத்தாது. ஆனால் பலரும் விட்டுவிடும் வேலை ஒன்று உண்டு: டேப்பட் செட்டிங். வால்வு இடைவெளி தானாகச் சரியாகும் அமைப்பு இதில் இல்லை, கையால்தான் அட்ஜஸ்ட் பண்ண வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' சத்தம் கேட்டால், விற்பவரிடம் இதை எப்போது செய்தார் என்று கேளுங்கள். வெளி ஒர்க் ஷாப்பில் இரண்டாயிரம், மூவாயிரத்தில் முடிகிற வேலைதான்.

செலவு வைப்பது எது?

பெரும்பாலும் இன்ஜின் அல்ல, அடிப்பாகமும் ஏசியும்தான். சிட்டியின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 165 மி.மீ. ஐந்து பேர் ஏறி, டிக்கியிலும் சாமான் ஏற்றிக்கொண்டு நம்ம ஊர் வேகத்தடைகளில் ஏறினால் அடி தட்டும். லிஃப்ட்டில் ஏற்றி ஆயில் சம்ப், சைலன்சர் பைப், முன்பக்க பம்பரின் அடிப்பாகம் ஆகியவற்றைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் 'கடக் கடக்' என்றால் பயப்பட வேண்டாம். பல நேரம் அது லிங்க் ராடுதான், ஜோடி சுமார் 1,500 முதல் 3,000 ரூபாய். லோயர் ஆர்ம் வரை போனால் ஜோடி 6,000 முதல் 10,000. முன்பக்க ஷாக் அப்சார்பரும் போயிருந்தால் இன்னொரு 8,000 முதல் 14,000 சேரும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதே சத்தம் வந்தால் விஷயம் வேறு. ஸ்டியரிங் ராக் மாற்றுவது 30,000-ஐத் தாண்டலாம்.

ஏசியில் குளிர் குறைந்தால் முதலில் "கேஸ் அடிச்சா போதும் சார்" என்பார்கள். 2,000 ரூபாயில் முடியும். ஆனால் கேஸ் தானாகக் குறையாது, எங்கோ கசிகிறது என்று அர்த்தம். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் கசிந்தால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். 10,000 முதல் 18,000 வரை ஆகும். கம்ப்ரசர் போயிருந்தால் 20,000-க்கு மேல். டெஸ்ட் டிரைவை மதியம் ஒரு மணி வெயிலில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா?

பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது சிவிடி கியர்பாக்ஸ். அதற்கென்றே தனி ஆயில், சுமார் 40,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 4,000 முதல் 6,000 ரூபாய். இதை மிச்சம் பிடித்து, வேறு ஏதோ ஆயில் ஊற்றி ஓட்டிய வண்டி என்றால், கியர்பாக்ஸ் மாற்றும் செலவு லட்சத்தைத் தாண்டும். சர்வீஸ் ரெக்கார்டு இல்லாத சிவிடி வண்டியை விட்டுவிடுவதே மேல். மேனுவலில் கிளட்ச் செட் 10,000 முதல் 16,000-க்குள் முடியும். டீசல் மைலேஜில் கில்லாடி. ஆனால் டர்போ, இன்ஜெக்டர் என்று வந்தால் ஒவ்வொன்றும் பல ஆயிரம்.

இலவசமாக முடியும் இரண்டு வேலைகள்

2013 வரை தயாரான பழைய சிட்டிகள் பலவும் டகாட்டா ஏர்பேக் பிரச்சனைக்காகப் பல கட்டங்களாகத் திரும்ப அழைக்கப்பட்டவை. ஏர்பேக்கை விரிக்கும் இன்ஃப்ளேட்டரில் இருந்த அமோனியம் நைட்ரேட், வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் ஆண்டுக்கணக்கில் இருந்தால் கெட்டுப்போகும். அப்போது விபத்தில் அது வெடித்து உலோகத் துண்டுகள் பாயலாம். கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டிக்கு இது அலட்சியப்படுத்தும் விஷயமே இல்லை.

இரண்டாவது, பெட்ரோல் பம்ப். உள்ளே சுழலும் இம்பெல்லர் கோளாறால் ஓடும் வண்டி நின்றுவிடலாம் என்று, 2024 அக்டோபரில் மட்டும் 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களை ஹோண்டா திரும்ப அழைத்தது. சிட்டியும் அதில் உண்டு. உங்கள் வண்டி பட்டியலில் இருக்கிறதா என்பதை ஹோண்டா இந்தியா இணையதளத்தில் 17 இலக்க சேசிஸ் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். முதல் உரிமையாளர் செய்யாமல் விட்டிருந்தாலும், வாங்கியவருக்கு இலவசமாகவே மாற்றித் தருவார்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

2015, 2023 என்று சென்னை இரண்டு டிசம்பர்களைப் பார்த்துவிட்டது. சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கோடு தெரியும். ஸ்டெப்னி குழியில் துரு, கார்ப்பெட் அடியில் ஈர வாடை இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும். பில் லட்சத்தில் வரும். சாதாரண இன்ஷூரன்ஸ் இதைப் பெரும்பாலும் ஏற்காது, இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாலிசி வேண்டும்.

மேலே உள்ளவை ஒரிஜினல் பார்ட்ஸ் போட்டு வெளி ஒர்க் ஷாப்பில் செய்தால் ஆகும் தோராயக் கணக்கு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கூடும். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருப்பதால், பழைய பில்லைக் காட்டி விலை சொல்பவரிடம் பேரம் பேசலாம். புதுப்பேட்டையில் ஹெட்லைட், கண்ணாடி, கதவு போன்றவை பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும். பிரேக், ஏர்பேக் சாமான்களை மட்டும் அங்கே தேட வேண்டாம்.