பட்டியலில் ஒரு பெயர்: வாக்குரிமையைக் காத்தவர்களின் வரலாறு



ஜனநாயகத்தைப் பற்றிப் பேசும் மேடைகளில் உத்திரமேரூரின் பெயர் வராமல் இருப்பதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகவே எடுத்துரைக்கின்றன. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்வர். தமிழர் யாவரும் பெருமை கொள்ளத்தக்க செய்திதான். ஆனால் அதே கல்வெட்டு வேறொன்றையும் சொல்கிறது. வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராக, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவராக, வேதக் கல்வி பெற்றவராக இருந்தால்தான் ஒருவர் பெயர் ஓலையில் ஏறும். அந்த நிலத்தை உழுதவன் பெயரும், எந்தப் பெண்ணின் பெயரும் குடத்துக்குள் போகவே இல்லை.

ஆகவே, தேர்தல் நடந்ததா என்று கேட்பதற்கு முன்னால் யாருடைய பெயர் எழுதப்பட்டது என்று கேட்க வேண்டியிருக்கிறது. இக்கேள்வியை நம் நாட்டில் விடாமல் கேட்டு வந்தவர்களைப் பற்றி ஆண்டு மலரில் எழுதுமாறு நிர்வாகக் குழுவினர் பணித்தார்கள். தேடிப் பார்த்தபோது நாம் கண்டது இதுதான்: அக்கேள்வியைக் கேட்டவர்களில் பலர் ஆட்சியில் இருந்தவர்களும் அல்லர், தேர்தலில் நின்றவர்களும் அல்லர். தமக்கென்று எந்தச் சின்னமும் இல்லாத சங்கங்களும், ஊர்ப் பெரியவர்களும், பெண்களும் அவர்களுள் இருந்தனர்.

நம் மாகாணத்திலிருந்தே தொடங்குவோம். 1917ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அவ்வாண்டு டிசம்பரில் இந்தியா மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று அவரைச் சந்தித்து, ஆண்களுக்குத் தரப்படும் வாக்குரிமை பெண்களுக்கும் தரப்பட வேண்டும் என்று கேட்டது. அக்குழுவில் மௌலானா ஹஸ்ரத் மோஹானி அவர்களின் துணைவியார் பேகம் ஹஸ்ரத் மோஹானியும் இடம்பெற்றிருந்தார் என்பதை நம் வீட்டுப் பெண்மக்கள் அறிந்திருப்பது நல்லது. 1921ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கத் தீர்மானித்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் இதில் முந்திக்கொண்டது நம் மாகாணமே. ஆயினும் சொத்துத் தகுதி என்னும் வேலி அப்படியே நின்றது. சொந்தப் பெயரில் சொத்து வைத்திருந்த பெண்கள் அன்று எத்தனை பேர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1935ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வேலியைச் சற்றுத் தளர்த்தியது, நீக்கவில்லை. சொத்து, வரி, படிப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால்தான் வாக்கு. நாட்டு மக்கள் தொகையில் சுமார் மூன்று கோடிப் பேரே அப்பட்டியலில் இருந்தனர். அதிலும் 1909 முதற்கொண்டு முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி இருந்தது. நம் பாட்டனார் காலத்தவர் வாக்களித்தது அந்தத் தனித் தொகுதியில்தான். அதனால் விளைந்த நன்மை தீமைகளை எழுதப் புகுந்தால் இம்மலர் போதாது.

இனி, நாம் அதிகம் அறியாத ஒரு வரலாற்றுக்கு வருவோம். வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை 1950ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று அரசியல் சட்டத்தோடு வந்தது என்றே நாம் படித்திருக்கிறோம். ஆனால் அதற்கான பட்டியல் வேலை 1947ஆம் ஆண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. அரசியல் நிர்ணய சபையின் செயலகம் 1948 மார்ச் மாதத்தில் மாகாண அரசுகளுக்கு வழிமுறைகளை அனுப்பியது. அரசியல் சட்டம் எழுதி முடிக்கப்படாத காலம் அது. நாடு இரண்டாகப் பிளந்து, இலட்சக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளுடன் ரயிலிலும் கால்நடையாகவும் எல்லை கடந்துகொண்டிருந்தார்கள். அந்தக் குழப்பத்தின் நடுவே வீடு வீடாகச் சென்று பெயர் எழுத வேண்டும்!

குறிப்பிட்ட காலம் ஓரிடத்தில் வசித்திருந்தால்தான் அங்கே பெயர் ஏறும் என்பது விதி. நேற்று வந்து முகாமில் தங்கியிருக்கும் அகதி அந்தக் காலக்கணக்கை எங்கிருந்து காட்டுவான்? அஸ்ஸாமில் வெளியிலிருந்து வந்தவர்களை ‘மிதக்கும் மக்கள்’ என்று சொல்லிப் பட்டியலில் சேர்க்காமல் விடும்படி அதிகாரிகளுக்குக் குறிப்புகள் சென்றன. அங்கிருந்த குடிமக்கள் சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. சிற்றூர்களில் இயங்கிய சிறு சங்கங்கள் டெல்லியிலிருந்த செயலகத்துக்குக் கடிதம் எழுதின. இன்ன ஊரில் இன்ன அதிகாரி எங்கள் பெயரை எழுத மறுக்கிறார், வரப்போகும் அரசியல் சட்டம் எல்லோருக்கும் வாக்கு என்கிறதே, இது எப்படிப் பொருந்தும் என்னும் போக்கில் வாதம் செய்தன. செயலகமும் அக்கடிதங்களைக் குப்பையில் போடவில்லை. மாகாணங்களிடம் விளக்கம் கேட்டது. இங்கேயே நிலையாக வாழும் எண்ணம் உண்டு என்று அகதி அளிக்கும் உறுதிமொழியே போதும், அவர் பெயரைப் பட்டியலில் சேர்க்கலாம் என்று வழி செய்யப்பட்டது. இவ்வரலாற்றை ஆர்னிட் ஷானி என்னும் வரலாற்று ஆய்வாளர் பழைய கோப்புகளிலிருந்து தேடி எடுத்து 2018ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். குடியுரிமை இன்னதென்று சட்டம் வரையறுக்கும் முன்னரே, ஒரு தபால் உறையைக் கொண்டு தம்மைக் குடிமக்கள் என்று நிலைநாட்டிக்கொண்ட அம்மனிதர்களின் துணிவை நாம் வியக்காமல் இருக்க முடியவில்லை.

இப்படித் தயாரான பட்டியலில் முதல் பொதுத் தேர்தலின்போது 17 கோடியே 32 இலட்சம் பேர் இருந்தனர். அதில் இன்னொரு சோதனை. வட மாநிலங்களில் கணக்கெடுப்பவர் வாசலில் நின்று பெயர் கேட்டபோது, ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் தாய்’ என்று மட்டும் சொல்லிய பெண்கள் ஏராளம். அன்னியரிடம் தம் பெயரைச் சொல்வது வழக்கமில்லை. அப்படியே எழுதியும் வைத்துவிட்டார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இதை ஏற்கவில்லை. வாக்காளர் என்பவர் தனி ஆள். அவருக்கென்று ஒரு பெயர் வேண்டும் என்றார். பெயரைத் திருத்திக்கொள்ளப் பீகாரில் கூடுதல் கால அவகாசம் தரப்பட்டது. அப்படியும் ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அவர் செய்தது சரியா என்று இன்றும் சிலர் கேட்பதுண்டு. நம் கருத்தில் அவர் செய்தது சரியே. ‘இன்னாரின் மனைவி’ என்னும் பெயரில் யார் வேண்டுமானாலும் வந்து வாக்குப் போட்டுவிட்டுப் போகலாம் அல்லவா?

இந்தப் பட்டியல் ஒரே பட்டியலாக அமைந்ததும் கவனிக்கத்தக்கது. 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் கண்ணியமிகு காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்கள் தனித் தொகுதி முறை தொடர வேண்டும் என்று வாதாடினார்கள். அவ்வாதம் ஏற்கப்படவில்லை. மதம், இனம், சாதி, பால் ஆகியவற்றைக் காரணம் காட்டி ஒருவரைப் பட்டியலில் சேர்க்க மறுக்கக் கூடாது, ஒரு தொகுதிக்கு ஒரே பொதுப் பட்டியல்தான் என்று அரசியல் சட்டத்தின் 325ஆம் பிரிவு எழுதப்பட்டது. தாம் வாதாடித் தோற்ற அதே முறையை ஏற்றுக்கொண்டு, பொதுத் தொகுதியான மஞ்சேரியில் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் நின்று வென்று மக்களவைக்குச் சென்றவர்கள் காயிதே மில்லத் அவர்கள்.

பெயர் பட்டியலில் ஏறிவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை என்பதை நம் மாவட்டமே நாட்டுக்குக் காட்டியது. நம் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் தேனி வண்டியில் ஏறினால் உசிலம்பட்டி வரும். அந்த வட்டாரத்தில் உள்ளவை பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகள். 1996ஆம் ஆண்டு அவற்றின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. பெரும்பான்மைச் சாதியினர் அதை ஏற்கவில்லை. வேட்பு மனு தாக்கல் செய்ய ஆள் வராது. வந்தாலும் வென்றவர் உடனே பதவி விலகுவார். பத்தாண்டுகள் இப்படியே கழிந்தன. பட்டியலில் எல்லோருடைய பெயரும் இருந்தது, வாக்குச்சாவடியும் இருந்தது. ஆனால் தேர்தல் என்பது நடக்கவில்லை. மேலூர்ப் பக்கம் மேலவளவில் நிலைமை இன்னும் கொடியது. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவியேற்ற ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் ஐவரும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டனர்.

2006ஆம் ஆண்டு மாவட்ட ஆட்சியராக இருந்த உதயச்சந்திரன் அவர்கள் அவ்வூர்களுக்கே சென்று ஊர்ப் பெரியவர்களிடம் பேசினார். போலீசைக் குவித்து நடத்தும் தேர்தல் நிலைக்காது, ஊரே ஒப்புக்கொண்டு நடத்தும் தேர்தல்தான் நிலைக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும். அவ்வாண்டு அக்டோபரில் மூன்று ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்தது; வென்றவர்கள் பதவியிலும் நீடித்தனர். ஊர்ச் சபை ஒன்று கூடி ஒருவரின் வாக்கைத் தடுக்கவும் முடியும்; அதே சபை கூடித் திறந்துவிடவும் முடியும். ஜமாஅத் என்று கூடும் நாமும் ஒரு சபையே என்பதால் இதைச் சற்று விரித்து எழுதினோம்.

பிறகு நோட்டு வந்தது. 2009 ஜனவரியில் திருமங்கலம் இடைத்தேர்தலில் நூற்றுக்கு எண்பத்தெட்டுக்கும் மேலானோர் வாக்களித்தனர். வாக்குப்பதிவு உயர்ந்தால் மகிழ வேண்டும். ஆனால் அத்தேர்தலுக்குப் பின் ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்று ஒரு சொல்லே நாட்டில் புழங்கத் தொடங்கியது. உறைக்குள் பணம் வைத்துக் கொடுப்பதற்கு மதுரை மண்ணின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். எந்தக் கட்சி என்று இங்கே எழுதுவது நம் வேலையன்று. பின்னாளில் கை சுத்தமாக நின்றவர்கள் யார் என்று தேடினாலும் பட்டியல் நீளாது. 2011 தேர்தலின்போது மதுரை ஆட்சியராக இருந்த சகாயம் அவர்கள் வாக்குக்குப் பணம் பெறுவதற்கு எதிராகப் பெரும் விழிப்புணர்வு முயற்சி மேற்கொண்டார். அதற்கடுத்த 2016 தேர்தலில் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளின் தேர்தலைப் பண விநியோகம் காரணமாகவே ஆணையம் ரத்து செய்ய நேர்ந்தது.

நீதிமன்ற வழியில் போராடியவர்களும் உண்டு. அகமதாபாத் மேலாண்மைக் கழகப் பேராசிரியர்கள் சிலர் 1999ஆம் ஆண்டு ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கி வழக்குத் தொடுத்தனர். வேட்பாளரின் குற்ற வழக்கு, சொத்து, கல்வி ஆகிய விவரங்கள் வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. அதை முடக்கச் சட்டம் கொண்டுவந்தபோது மக்கள் சிவில் உரிமைக் கழகமும் சேர்ந்து வாதாடியது. 2003இல் அச்சட்டப் பிரிவு செல்லாது என்றாயிற்று. எவருக்கும் வாக்கில்லை என்னும் ‘நோட்டா’ பொத்தான் 2013இல் வந்ததும் இக்கழகம் தொடுத்த வழக்கினால்தான்.

2025ஆம் ஆண்டு மீண்டும் பெயர்ப் பட்டியலுக்கே வந்து சேர்ந்தோம். அவ்வாண்டு பீகாரில் தீவிரத் திருத்தத்துக்குப் பின் வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 இலட்சம் பெயர்கள் இல்லை. மேற்சொன்ன ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் உள்ளிட்டோர் வழக்காட, நீக்கப்பட்டவர்களின் பெயர்களைக் காரணத்துடன் வெளியிடுமாறு ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நவம்பரில் அதே பணி தமிழ்நாட்டிலும் தொடங்கியது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவில் 97 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் விடுபட்டிருந்தன. அவற்றுள் மௌத்தானவர்கள் உண்டு, வீடு மாறியவர்கள் உண்டு, இரண்டு இடங்களில் பதிவாகியிருந்தவர்களும் உண்டு. உயிரோடு அதே தெருவில் இருப்பவர் எவரேனும் அதில் சிக்கினாரா என்பதைச் சென்னையில் அமர்ந்திருப்பவர் அறிய முடியாது. தெருவில் இருப்பவர்தான் அறிய முடியும்.

இவ்விடத்தில் நம் எல்லை எது என்பதையும் எழுதிவிட வேண்டும். வழிபாட்டுத் தலத்தின் வளாகத்தை அரசியல் பரப்புரைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 1988ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது முறைகேடு என்பதை 2017 ஜனவரியில் ஏழு நீதிபதிகள் அடங்கிய அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பால் உறுதிசெய்தது. ஜும்ஆ முடிந்ததும் இரண்டு நிமிடம் பேச அனுமதி கேட்டு வேட்பாளர் தரப்பினர் நம்மிடம் வந்ததுண்டு. மறுத்தோம், வருத்தப்பட்டார்கள். மிம்பர் இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று சொல்வதற்கான இடமன்று. ஆனால் படிவம் 6 எதற்கு, பெயர் நீக்கத்துக்கான படிவம் 7 எதற்கு, திருத்தத்துக்கான படிவம் 8 எதற்கு என்று பள்ளி அலுவலகத்தில் ஒருவருக்கு விளக்கிச் சொல்வதை எச்சட்டமும் தடுக்கவில்லை.

அந்த நவம்பரில் அஸருக்குப் பின் நம் இளைஞர்கள் அலுவலகத்தில் அமர்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுத்தார்கள். முஸ்லிம், முஸ்லிமல்லாதவர் என்ற பேதம் அங்கே இல்லை. சிக்கல்கள் பெரும்பாலும் பெயரில்தான். ஒரே மனிதர் ஓர் அட்டையில் ‘முகமது’, இன்னொன்றில் ‘முஹம்மது’, மூன்றாவதில் வெறும் ‘மைதீன்’. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலில் தம்முடைய அல்லது உறவினருடைய பெயரைக் கண்டுபிடித்துக் குறிக்க வேண்டும் என்றபோது பெண்கள் மிகவும் திணறினார்கள். மஹபூப்பாளையத்தில் வாழ்க்கைப்பட்ட மூதாட்டி ஒருவர் வந்தார். பழைய பட்டியலில் அவர் பெயர் ‘பீவி’ என்று மட்டும் இருந்தது, முன்பெயர் இல்லை. தாய்வீட்டு விவரம் கேட்டால், தந்தையை எல்லோரும் ‘கடைக்கார அத்தா’ என்றே அழைத்தார்கள் என்றார். முத்தவல்லி அவர்கள் பழைய நிகாஹ் தப்தர்களை வெளியே எடுத்து வைத்தார்கள். ஓரம் செல்லரித்த மூன்றாவது தப்தரில் மணமகளின் முழுப் பெயரும், வலியாக நின்ற தந்தையின் பெயரும், இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் தெளிவாக இருந்தன. அதை வைத்துக்கொண்டு தந்தையின் பெயரைப் பழைய பட்டியலில் தேடினோம். இரண்டாம் நாள் கிடைத்தது.

அத்தப்தர்களைப் படியெடுத்துப் பாதுகாக்கும் பணிக்கான செலவு, இம்மலரின் பின்பகுதியில் உள்ள வரவு செலவு அறிக்கையில் தனியே காட்டப்பட்டுள்ளது.