சிறுநீரக மதிப்பீட்டில் இனக் காரணி

ரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் அளவைக் கொண்டு சிறுநீரகத்தின் வடிகட்டல் வீதத்தைக் கணிக்கும்போது, நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை ஓர் எண்ணால் பெருக்கி உயர்த்தும் வழக்கம் இருந்தது. அந்த எண்ணே இனக் காரணி. அமெரிக்க மருத்துவமனைகளில் இது சுமார் இருபது ஆண்டுகள் பரவலாக நடைமுறையில் இருந்தது.

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் தேங்கும். ஆய்வுகளில் பங்கேற்ற கறுப்பினத்தவரிடம் அது சற்று அதிகமாகக் காணப்பட்டது. அவர்களுக்குத் தசை மிகுதி என்று காரணம் சொன்னார்கள்; அதற்கு வலுவான சான்று இல்லை. 1999-இல் வந்த எம்.டி.ஆர்.டி. சூத்திரத்திலும் 2009-இல் வந்த சி.கே.டி.-எபி சூத்திரத்திலும் இந்தப் பெருக்கல் இடம்பெற்றது. பிந்தையதில் காரணி 1.159. தாயும் தந்தையும் வெவ்வேறு இனத்தவர் என்றால் என்ன செய்வது என்பதற்குச் சூத்திரத்தில் விடையில்லை.

விளைவு கடுமையானது. அமெரிக்காவில் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலத்தை, வடிகட்டல் வீதம் 20-ஆகக் குறைந்த பிறகோ டயாலிசிஸ் தொடங்கிய பிறகோதான் எண்ணத் தொடங்குவர். வயது, பால், கிரியேட்டினின் மூன்றும் ஒன்றாக உள்ள இருவரில் வெள்ளையருக்கு 18 என்று வந்தால், கறுப்பினத்தவருக்கு 20.9 என்று வரும். முன்னவரின் காத்திருப்பு அன்றே கணக்கில் சேரும். பின்னவர் தம் சிறுநீரகம் மேலும் கெடும்வரை பொறுக்க வேண்டும். இத்தனைக்கும் நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 13 சதவீதமான கறுப்பினத்தவர், சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளானோரில் 30 சதவீதத்துக்கும் மேல். இதில் எந்த மருத்துவரும் மனமறிந்து பாகுபாடு காட்டத் தேவையிருக்கவில்லை. ஆய்வக அறிக்கையே அதைச் செய்தது.

மருத்துவ மாணவர்களும் இளம் மருத்துவர்களும் இதை விடாமல் எதிர்த்தனர். பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவ மையம் 2017-லேயே காரணியைக் கைவிட்டது. தேசிய சிறுநீரக அறக்கட்டளையும் அமெரிக்க சிறுநீரகவியல் சங்கமும் அமைத்த கூட்டுக்குழு, இனத்தைச் சேர்க்காத புதிய சூத்திரத்தை 2021 செப்டம்பரில் பரிந்துரைத்தது. ஐயம் எழும் இடங்களில் சிஸ்டாட்டின் சி என்ற புரதத்தையும் அளக்கச் சொன்னது.

சூத்திரத்தைத் திருத்தியதோடு நிற்காததுதான் இந்த வரலாற்றில் போற்றத்தக்கது. உறுப்பு மாற்றுக்கான தேசிய வலையமைப்பு 2022-இல் இனக் காரணியைத் தடை செய்தது. அந்தக் காரணியால் பின்தள்ளப்பட்ட கறுப்பின நோயாளிகளைக் கண்டறிந்து, இழந்த காத்திருப்புக் காலத்தை அவர்கள் கணக்கில் சேர்க்கும்படி 2023 ஜனவரியில் உறுப்பு மாற்று மருத்துவமனைகளுக்கு ஆணையிட்டது. 14,000-க்கும் மேற்பட்டோர் வரிசையில் முன்னேறினர். காத்திருப்போர் பட்டியலில் பெயர் சேருமுன்பே இறந்தவர்களுக்கு இந்தத் திருத்தம் பயன்படவில்லை.