வீட்டுக்கு வந்த நல்ல ஓசை

வானொலியும் பாட்டுப் பெட்டியும் நம் வீட்டுக்குப் புதிதல்ல. ஆனால் மெல்லிய ஓசை எப்படிப் பெரிதாகிறது என்று என்றாவது யோசிச்சுப் பார்த்திருக்கீங்களா? அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

நம் நாட்டுக்கு முதல் வானொலிப் பெட்டி 1921-இல் வந்தது. ஜொகூரில் பணியாற்றிய ஏ. எல். பர்ச் என்ற மின்பொறியாளர் அதைக் கொண்டு வந்தார். 1946 ஏப்ரல் முதல் தேதி ரேடியோ மலாயா பிறந்தது. 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தில் அரசாங்கம் தோட்டங்களில் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. லயத்து மக்கள் பலர் கூடி ஒரே பெட்டியைக் கேட்ட காலம் அது.

அக்காலப் பெட்டிகளில் ஓசையைப் பெருக்கியது வால்வு. அமெரிக்கர் லீ டி ஃபாரஸ்ட் 1906-இல் உருவாக்கிய மூன்று முனை வால்வுதான் இதற்கு மூலம். ஆனால் ஓசை பெருகியபோது பிசகும் கூடவே பெருகியது. 1927-இல் ஹரால்டு பிளாக் வழி கண்டார். வெளியே வரும் ஓசைக்குறியில் ஒரு பங்கை எதிராக உள்ளே திருப்பினால் பெருக்கம் குறையும், பிசகும் குறையும். 1947-இல் பிரிட்டனில் வில்லியம்சன் என்பவர் இம்முறையில் 15 வாட் பெருக்கி ஒன்றை வடிவமைத்து, 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் வெளியிட்டார். பல நாடுகளில் ஆர்வலர்கள் அதைப் பார்த்து வீட்டிலேயே செய்து கொண்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் டிரான்சிஸ்டரும் பிறந்தது.

சரி, முன்பெருக்கி, பெருக்கி என்று இரண்டு எதற்கு? இசைத்தட்டு ஊசியிலுள்ள காந்த பிக்-அப் தருவது சுமார் 5 மில்லிவோல்ட். ஒரு வோல்ட்டில் 200-இல் ஒரு பங்கு. முன்பெருக்கி அதைப் பல மடங்கு உயர்த்துகிறது. இசைத்தட்டில் தாழ்ந்த ஓசையைக் குறைத்தும் உயர்ந்த ஓசையைக் கூட்டியும் பதிப்பார்கள், அதையும் சரிக்கட்டுகிறது. பிறகு பெருக்கி, ஸ்பீக்கரை இயக்கும் பலத்தைக் கொடுக்கிறது. முதல் படியில் இரைச்சல் சேர்ந்தால் கடைசியில் அதுவும் பெரிதாகும். வடிகட்டாத ரப்பர் பாலில் கிடந்த குப்பை ஷீட்டிலும் தெரியுமில்லையா, அதுபோலத்தான்!

ஆகவே பிக்-அப் வயர் குட்டையாக, உறை போட்டதாக இருக்கட்டும். கரண்ட் வயரிலிருந்து தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் 'உம்' என்ற இரைச்சல் வரும். இணைக்கும் முன் கரண்டை நிறுத்துங்கள். வால்வுப் பெருக்கியில் நூற்றுக்கணக்கான வோல்ட் உண்டு. சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே தங்கியிருக்கும், உயிருக்கே ஆபத்து. தெரிந்தவர் துணையில்லாமல் பிள்ளைகள் திறக்கவே கூடாது.

பெற்றோர்களே! வில்லியம்சனின் வரைபடம் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் உதவவில்லை. படிச்சுப் பார்த்து, கைவேலை செய்யத் துணிந்தவர்களுக்கெல்லாம் உதவியது. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உங்கள் பிள்ளை, பேட்டரியில் ஓடும் பழைய ரேடியோவைக் கழற்றிப் பார்த்தால் உடனே திட்டாதீங்க. பேட்டரியை எடுத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருநாள் கோலாலம்பூர் ஜாலான் பசார் உதிரிப்பாகக் கடைகளுக்கும் கூட்டிப் போய்க் காட்டுங்கள். பொது வானொலியைச் சுற்றி உட்கார்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள், தாங்களே பெட்டி செய்யட்டும்.