அவிநாசி வழியே மீண்ட ஆலாலசுந்தரர்

வானுலகினின்று வழுவியோர் வரலாறு சமயங்கள் பலவற்றிலும் பேசப்படுகிறது. ஆதமுக்குப் பணிய மறுத்துத் தள்ளுண்ட இபுலீசைத் திருக்குர்ஆன் காட்டுகிறது. மில்டன் 1667இல் வெளியிட்ட காப்பியத்தில் சாத்தான் செருக்கினால் வீழ்கிறான். வைகுந்த வாயிற்காவலரான சயவிசயரோ, சாபத்தால் வீழ்ந்து, மூன்று பிறவி திருமாலுக்குப் பகைவராயிருந்தே மீண்டனர். வீழ்ந்தவன் பகைவனாகிறான் என்பதே இவற்றின் போக்கு.

கொங்கு நாடறிந்த கதை வேறு. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் ஒரு வீழ்ச்சியுடனேயே தொடங்குகிறது. கயிலையில் மலர் கொய்யச் சென்ற ஆலாலசுந்தரர், உமையம்மையின் சேடியரான அநிந்திதை, கமலினி இருவர்மேல் மனம் வைத்தார். குற்றம் அவ்வளவே. தென்னாட்டிற் பிறந்து அம்மகளிரோடு இன்புற்று வருக என்பது இறைவன் ஆணை. இது தண்டனையா, கொடையா எனப் பிரித்தறிதல் அரிது. கலங்கிய சுந்தரர், மண்ணில் மயங்குங்கால் தடுத்தாட்கொள்ள வேண்டுமென இரந்தார்.

திருநாவலூரிற் பிறந்தவர் ஆரூரில் பரவையாரையும், ஒற்றியூரில் சங்கிலியாரையும் மணந்தார். சங்கிலியாருக்குத் தந்த சூளுறவை மீறிக் கண்ணொளி இழந்தார். காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறுகண்ணும் பெற்றார். வீழ்ந்தவர் மண்ணிலும் ஒருமுறை வீழ்ந்ததைச் சேக்கிழார் மறைக்கவில்லை. எனினும் சைவ உலகம் அவருக்கு இட்ட பெயர் தம்பிரான் தோழர்.

திருப்பூருக்கு அணித்தேயுள்ள இரு தலங்கள் இக்கதையிற் சிறப்புடையன. சேரமான் பெருமாள் தந்த பெரும்பொருளுடன் ஆரூருக்கு மீண்டவரைத் திருமுருகன்பூண்டியருகே வேடுவர் வழிமறித்துப் பறித்தனர். வந்தவர் வேடரல்லர், இறைவன் ஏவிய சிவபூதங்கள். வீழாதார் கள்வராகவும், வீழ்ந்தவர் வழிப்போக்கராகவும் நிற்கும் இக்காட்சிக்கு மில்டனிடம் இணையில்லை. பறிகொடுத்தவர் இறைவன்முன் சென்று, இத்தகைய ஊரில் இருப்பதேன் என்று உரிமையோடு வினவிப் பதிகம் பாடினார்.

பின்னொருகால் மீண்டும் சேரநாடு செல்பவர் திருப்புக்கொளியூரை அடைந்தார். அதுவே இன்றைய அவிநாசி. ஒரு மனையில் பூணூல் மங்கல ஒலி, எதிர்மனையில் அழுகை. ஒத்த வயதுச் சிறுவர் இருவர் மடுவிற் குளித்தபோது, ஒருவனை முதலை விழுங்கி ஆண்டுகள் சில கழிந்திருந்தன. பெற்றோர் தம் துயரை அடக்கி அவரை வணங்கினர். மகனை மீட்டுத் தந்தபின்னரே அவிநாசிப் பெருமானைப் பணிவேன் என்றார் சுந்தரர். பதிகம் எழ, முதலை சிறுவனைக் கரையில் உமிழ்ந்தது. விழுங்கிய நாளின் குழந்தையாக அன்று. சென்ற ஆண்டுகளின் வளர்ச்சியோடு! தோழனுக்கும் பூணூல் பூணும் பருவம் வாய்த்தது.

அப்பயணத்திலேயே திருவஞ்சைக்களத்தினின்று வெள்ளானை மீது கயிலை ஏகினார் சுந்தரர். பரவையாரும் சங்கிலியாரும் தம் பழம்பணிக்கு மீண்டதைச் சேக்கிழார் மிகச் சுருங்கச் சொல்லி அமைகிறார். அவருடன் மண்ணுக்கு வந்த அவ்விருவர்க்கும் இன்னும் சில பாக்கள் தந்திருக்கலாம்.