தஹ்கீமும் காழியின் எல்லையும்

இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒருவரிடம் குதிரை ஒன்றை விலை பேசினார்கள். ஓட்டிப் பார்ப்பதற்காக அழைத்துச் சென்றபோது குதிரைக்கு ஊனம் நேர்ந்தது. அதைத் திருப்பித் தர உமர் (ரலி) முற்பட, உரிமையாளர் ஏற்க மறுத்தார். இருவரும் ஷுரைஹ் என்பவரை நடுவராக ஒப்புக்கொண்டனர். விலை பேசி எடுத்த குதிரையை வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது எடுத்த நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்ற கருத்தில் ஷுரைஹ் கலீஃபாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். அந்த நேர்மையைக் கண்ட கலீஃபா அவரையே கூஃபா நகரின் காழியாக நியமித்தார்கள் எனக் காழிகளின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

நம் சொற்பொழிவாளர்கள் இந்நிகழ்ச்சியைக் கலீஃபாவின் பணிவுக்குச் சான்றாகவே எடுத்துரைப்பர். சட்ட வரலாற்றைப் பயில்வோருக்கு இதில் இன்னொன்றும் தென்படும். வழக்கு ஒரு விற்பனையைப் பற்றியது. வழக்காடுவோரில் ஒருவர் அரசின் தலைவர். தீர்ப்பளித்தவருக்கு அன்று எந்தப் பதவியும் இல்லை. இருவரின் சம்மதம் ஒன்றே அவருக்கு அதிகாரம் தந்தது. இதையே ஃபிக்ஹு நூல்கள் 'தஹ்கீம்' என்கின்றன. நடுவர் 'ஹகம்' எனப்படுவார். தமிழில் மத்தியஸ்தம் என்ற ஒரே சொல்லைச் சமாதானப் பேச்சுக்கும் நடுவர் தீர்ப்புக்கும் வழங்குவதால் ஒரு மயக்கம் நேர்கிறது. இரு தரப்பாரும் சிறிது விட்டுக்கொடுத்து இணங்கிப்போவது 'ஸுல்ஹ்'. தஹ்கீமில் இணக்கம் நடுவரைத் தேர்வதோடு முடிந்துவிடும். அதன் பின் அவர் சொல்வது தீர்ப்பு. கணவன் மனைவி பிணக்கில் இரு குடும்பத்தாரிலிருந்தும் ஒவ்வொரு ஹகமை நியமிக்கப் பணிக்கும் திருமறை வசனத்தை (4:35) அடிப்படையாகக் கொண்டு, பொருள் சார்ந்த வழக்குகளிலும் தஹ்கீம் செல்லும் என்று சட்ட அறிஞர்கள் விரித்துரைத்தனர்.

செல்லும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. தோற்றவர் அத்தீர்ப்பைக் காழியிடம் எடுத்துச் சென்றால் காழி என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் மத்ஹபுகள் பிரிகின்றன. நடுவரின் அதிகாரம் இருவர் சம்மதத்தில் பிறந்தது, அது காழியைக் கட்டுப்படுத்தாது, எனவே தம் மத்ஹபுக்கு முரணாக இருப்பின் காழி அதை நீக்கிவிடலாம் என்பது ஹனஃபீ அறிஞர்களின் நிலைப்பாடு. ஹிஜ்ரி 620 இல் (கி.பி. 1223) மறைந்த ஹன்பலீ பேரறிஞர் இப்னு குதாமா தம் 'அல்முக்னீ' நூலில் இதை மறுக்கிறார். நடுவரின் தீர்ப்பு முறையான, கட்டுப்படுத்தும் தீர்ப்பு. தமது கருத்துக்கு ஒத்துவரவில்லை என்பதற்காகக் காழி அதைக் குலைக்க முடியாது. மற்றொரு காழியின் தீர்ப்பை எக்காரணங்களுக்காக நீக்கலாமோ அக்காரணங்களுக்காக மட்டுமே இதையும் நீக்கலாம் என்பது அவர் வாதம்.

மதரஸாக்களில் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவது வழக்கம். தொழுகை, திருமணம், பாகப்பிரிவினை ஆகியவற்றுக்குக் கிடைக்கும் கவனம் இதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் வணிகருக்கு இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. சரக்கு வந்து சேராதவரும் பணம் வந்து சேராதவரும் நடுவரை நாடுவது வழக்கை விரைவில் முடித்துத் தொழிலுக்குத் திரும்புவதற்காக. தோற்றவர் நீதிமன்றம் சென்று அதே சாட்சியங்களையும் கணக்குகளையும் மீண்டும் முதலிலிருந்து விசாரிக்கச் செய்ய முடியுமானால், நடுவர் மன்றம் கூடுதலாக ஏற வேண்டிய ஒரு படியாகிவிடும். நடுவர் எவ்வளவு கற்றவராக இருப்பினும் பயனில்லை.

உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை அஹ்மத் ஜவ்தத் பாஷாவின் தலைமையில் ஹனஃபீ சட்டத்தை விதி விதியாகத் தொகுத்து 'மஜல்லா' என வெளியிட்டது. அதன் 1851 விதிகளில் இறுதிப் பதினொன்றும் தஹ்கீமைப் பற்றியவை. தீர்ப்பு வரும் முன் எந்தத் தரப்பும் நடுவரை விலக்கலாம்; வந்த தீர்ப்பு காழியிடம் கொண்டுவரப்பட்டால் சட்டத்துக்கு இசைவாக இருப்பின் அவர் உறுதிப்படுத்துவார், இல்லையேல் நீக்குவார். ஹனஃபீ நிலைப்பாடே அப்படியே விதியாயிற்று. எனினும் மஜல்லாவின் சிறப்பு ஒன்றை மறுக்க முடியாது. அரபியில் பல தொகுதிகளைப் புரட்டாமலேயே ஒரு வணிகர், ஏன், ஓர் அயல்நாட்டு வழக்கறிஞர்கூட, சட்டம் இன்னதென்று எண்ணைச் சுட்டி அறிந்துகொள்ள அது வழிசெய்தது.

ஹன்பலீ மத்ஹபுக்கு அத்தகைய தொகுப்பு அமையவில்லை. ஹிஜாஸைக் கைப்பற்றிய மன்னர் அப்துல் அஸீஸ் 1927 இல் ஷரீஅத் சட்டங்களை விதிகளாகத் தொகுக்க விரும்பினார், உலமாக்கள் இசையவில்லை. மாறாக, ஹன்பலீ மத்ஹபின் ஏற்புடைய நூல்கள் சிலவற்றைக் கொண்டு காழிகள் தீர்ப்பளிக்க வேண்டும் என 1928 இல் முடிவாயிற்று. மக்கா நகரின் காழி அஹ்மத் இப்னு அப்துல்லாஹ் அல்காரீ, மஜல்லாவின் அமைப்பைப் பின்பற்றி ஹன்பலீ சட்டத்தை 2382 விதிகளாகத் தனியொருவராகத் தொகுத்தார். ஹிஜ்ரி 1359 இல் (1940) அவர் மறைந்தபோது அது கையெழுத்துப் பிரதியாகவே இருந்தது. அச்சேறியது 1981 இல். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் நடந்தவற்றை நோக்கினால் இத்தாமதம் எத்தனை பெரிய இழப்பு என்பது புலனாகும்.

1933 மே 29 அன்று ஜித்தாவில் சவூதி அரசும் கலிஃபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியும் எண்ணெய் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிணக்கு எழுந்தால் ஒவ்வொரு தரப்பும் ஒரு நடுவரை நியமிக்கும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. தீபகற்பத்தின் பிற ஆட்சியாளர்களும் இவ்வாறே கையெழுத்திட்டனர். அவற்றிலிருந்து எழுந்த வழக்குகளில் 1951 இன் அபூதாபி வழக்கு முக்கியமானது. அபூதாபி ஆட்சியாளர் 1939 இல் வழங்கிய உரிமை கடலடி நிலத்தையும் உள்ளடக்குமா என்பது பிரச்சினை. பாரிஸில் அமர்ந்து விசாரித்தவர் ஆங்கிலேய நீதியரசர் ஆஸ்குவித் பிரபு. அபூதாபியின் சட்டமே பொருந்த வேண்டியது என்பதை ஒப்புக்கொண்ட அவர், அங்கே ஷைகு குர்ஆனின் துணையோடு தம் விருப்பப்படி நீதி வழங்குகிறார் என்றும், நவீன வணிக ஒப்பந்தங்களுக்குப் பொருந்தக்கூடிய நிலைபெற்ற சட்டக் கோட்பாடுகள் அந்தப் பின்தங்கிய பகுதியில் இருப்பதாகக் கருதுவது வெறுங்கற்பனை என்றும் எழுதினார். ஆங்கிலச் சட்டத்தில் வேரூன்றிய கோட்பாடுகளை 'இயற்கை நீதி'யின் பெயரால் பொருத்தித் தீர்ப்பளித்தார். கடலடி நிலத்தைப் பொறுத்தவரை ஷைகு வென்றார் என்பது வேறு செய்தி. அந்த வாக்கியம் உண்டாக்கிய வடுவை வெற்றி ஆற்றவில்லை. 1953 இன் கத்தர் வழக்கிலும் இஸ்லாமியச் சட்டத்தில் இத்தகைய ஒப்பந்தத்தை விளக்கப் போதிய கோட்பாடுகள் இல்லை என்றே கூறப்பட்டது.

இதில் அகந்தை இருந்தது. அதை மழுப்ப வேண்டியதில்லை. அபூதாபியில் மஜல்லா நடைமுறையில் இருக்கவில்லை எனினும், வாங்கல் விற்றல், குத்தகை, கூட்டு வணிகம், பிணை ஆகியவற்றை நுணுகி ஆராய்ந்த ஆயிரம் ஆண்டுச் சட்ட இலக்கியத்தை 'இல்லை' எனச் சொல்லிவிட ஒருவருக்கு நிரம்பத் துணிச்சல் வேண்டும். ஆயினும் அந்த இலக்கியத்தை அவர் மேசைமீது எடுத்து வைத்திருக்க வேண்டியவர்கள் யார்? அல்காரீயின் 2382 விதிகள் அப்போது ஏதோ ஒரு பேழையில் கிடந்தன. பழியில் ஒரு பங்கு நம்முடையது என்றே கருதுகிறேன்.

1954 ஜனவரியில் சவூதி அரசு கிரேக்கக் கப்பல் அதிபர் ஒனாசிஸுடன் ஓர் உடன்படிக்கை செய்து, எண்ணெயை ஏற்றிச் செல்லும் முன்னுரிமையை அவரது கப்பல்களுக்கு முப்பது ஆண்டுகளுக்கு அளித்தது. 1933 இன் ஒப்பந்தம் அந்த உரிமையையும் தனக்கே தந்துவிட்டதென ஒப்பந்தத்தின் வழித்தோன்றலான அராம்கோ கம்பெனி எதிர்த்தது. 1955 இல் இரு தரப்பும் நடுவர் மன்றத்துக்கு இசைந்தன. சுவிட்சர்லாந்தின் ஸோஸர்-ஹால் தலைமை வகிக்க, இரு தரப்பு நடுவர்களும் எகிப்தியச் சட்ட அறிஞர்களாக அமைந்தனர். 1958 ஆகஸ்ட் 23 அன்று தீர்ப்பு அராம்கோவுக்குச் சாதகமாக வந்தது. ஹன்பலீ சட்டம் இம்முறை புறக்கணிக்கப்படவில்லை. ஒப்பந்த உரிமை பற்றிய அதன் கோட்பாடுகளைத் தீர்ப்பு மதித்துப் பேசியது. ஆனால் எண்ணெய்ச் சலுகைகளுக்கு அதில் திட்டமான விதிகள் இல்லை என்றும், இடைவெளியை உலக வழக்காறும் பொதுச் சட்டக் கோட்பாடுகளும் நிரப்பும் என்றும் முடிவு செய்தது.

விளைவு கடுமையாக இருந்தது. அரசுத் துறைகள் எவையும் தனியாருடனான வழக்குகளில் நடுவர் தீர்ப்பை நாடலாகாது என்று 1963 இல் சவூதி அமைச்சரவை 58 ஆம் எண் தீர்மானத்தால் தடுத்தது. அயல்நாட்டு நடுவர் தீர்ப்புகளை நிறைவேற்றுவதற்கான நியூயார்க் உடன்படிக்கை உருவானதும் அதே 1958 இல்தான். சவூதி அரேபியா அதில் இணைந்தது 1994 இல்.

1983 இல் வந்த நடுவர் சட்டம் கதவைச் சற்றே திறந்தது. நடுவர் ஒப்பந்தத்தை முன்கூட்டியே நீதிமன்றத்தில் பதிந்து ஒப்புதல் பெற வேண்டும். 1985 இன் நடைமுறை விதிகளின்படி நடுவர் சவூதிக் குடிமகனாகவோ அயல்நாட்டு முஸ்லிமாகவோ இருக்க வேண்டும். இவையெல்லாம் தாங்கக்கூடியவையே. தாங்க முடியாதது, தோற்றவரின் ஆட்சேபணையின் பேரில் நீதிமன்றம் வழக்கின் உட்பொருளுக்குள்ளேயே புகுந்து பார்த்ததுதான். வணிக வழக்குகளை விசாரித்து வந்த 'தீவானுல் மழாலிம்' இவ்வகையில் மேல்முறையீட்டு மன்றம் போலவே இயங்கியது. ஹன்பலீ மத்ஹபைத் தன் சட்டத்தின் ஊற்றாகக் கொண்ட ஒரு நாடு, நடைமுறையில் ஹனஃபீகளின் நிலைப்பாட்டுக்கு நெருங்கி நின்றது. இப்னு குதாமாவின் நூலோ அந்நாட்டுக் காழிகளின் கைகளிலேயே இருந்தது.

2012 இன் சட்டம் (அரசாணை எம்/34) இதை மாற்றியது. ஐக்கிய நாடுகள் வணிகச் சட்ட ஆணையத்தின் 1985 மாதிரிச் சட்டத்தைத் தழுவிய 58 விதிகள் அதில் உள்ளன. வரையறுத்த காரணங்களுக்காக மட்டுமே தீர்ப்பை நீக்கக் கோரலாம். தீர்ப்பு அறிவிக்கப்பட்ட 60 நாட்களுக்குள் கோர வேண்டும். அவ்வாறு விசாரிக்கும் நீதிமன்றம் வழக்கின் உண்மைகளையும் உட்பொருளையும் மறுபரிசீலனை செய்யலாகாது என 50 ஆம் விதி தெளிவாகக் கூறுகிறது. இதை மேலைநாட்டு இறக்குமதி எனச் சிலர் குறைகூறுவர். அல்முக்னீயை அருகில் வைத்துப் படித்தால், இது பழைய 1983 சட்டத்தைவிட ஹன்பலீ மரபுக்கு நெருக்கமாக இருப்பதைக் காணலாம். ஷரீஅத்துக்கு முரணானது செல்லாது என்ற எல்லை அப்படியே நிற்கிறது. தீர்ப்பைப் பிரிக்க இயலுமாயின் முரணான பகுதியை நீக்கி எஞ்சியதை நிறைவேற்றவும் 55 ஆம் விதி இடமளிக்கிறது. வட்டி கலந்த ஒரு தீர்ப்பில் வட்டி நீங்கும், அசல் நிற்கும்.

நடுவர் ஆணாக இருக்க வேண்டும் என்றோ முஸ்லிமாக இருக்க வேண்டும் என்றோ புதிய சட்டம் கூறவில்லை. ஒரே நடுவராகவோ தலைமை நடுவராகவோ அமர்பவர் ஷரீஅத்திலோ சட்டத்திலோ பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்கிறது. 2016 இல் வணிக வழக்கொன்றில் ஒரு பெண் நடுவராக அமர்ந்ததைத் தம்மாமின் மேல்முறையீட்டு நிருவாக நீதிமன்றம் ஏற்றது. பொருள் சார்ந்த வழக்குகளில் பெண் காழியாகலாம் என்ற ஹனஃபீ கருத்தை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகப் படாது. 2014 இல் அமைச்சரவை முடிவால் தோன்றிய சவூதி வணிக நடுவர் மையம் 2016 முதல் ரியாதில் இயங்குகிறது. ஒப்பந்தம், கடன், இழப்பீடு ஆகியவற்றை விதிகளாகத் தொகுத்த சிவில் பரிவர்த்தனைச் சட்டம் 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. 1927 இல் மன்னர் விரும்பியதில் ஒரு பகுதி தொண்ணூற்றாறு ஆண்டுகள் கழித்து நிறைவேறியிருக்கிறது.

1963 இன் தடை மட்டும் முற்றாக நீங்கவில்லை. அரசுத் துறை நடுவர் தீர்ப்புக்கு இசைய அமைச்சரவைத் தலைவரின் ஒப்புதல் வேண்டும் என்று 2012 சட்டத்தின் 10 ஆம் விதி வைத்திருக்கிறது. 2019 இன் அரசுக் கொள்முதல் சட்டம் நிதியமைச்சரின் ஒப்புதலோடு இசைய வழிசெய்தது. அரசுக்கு எதிராக வழக்குடைய ஒப்பந்தக்காரர், நடுவர் முன் செல்வதற்கான அந்த அனுமதியை எதிர்த்தரப்பான அரசிடமிருந்தே எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது.