நடையைக் கண்ட நல்லாசான்

பரிசளிப்பு விழா என்றால் முதல் மூன்று பேருக்குத்தான் கைத்தட்டல். நாலாவதாக வந்த பிள்ளையை யார் நினைக்கிறார்கள்? அந்தப் பிள்ளைக்காகவே ஓர் ஆசானின் சரித்திரத்தை இங்கே எழுதுகிறேன்.

ஓ. எம். நம்பியார் 1932-இல் கேரளத்தில், கோழிக்கோடு மாவட்டத்து மணியூரில் பிறந்தவர். இந்திய விமானப் படையில் பணியாற்றிய பின், கண்ணூர் விளையாட்டுப் பள்ளியில் பயிற்சியாளரானார். 1970-களில் ஒரு பரிசளிப்பு விழாவில்தான் மெலிந்த சிறுமி ஒருத்தி வேக வேகமாக நடந்து போவதைக் கண்டார். இவள் நன்றாக ஓடுவாள் என்று அப்போதே கணித்தார். அவள்தான் பி. டி. உஷா.

1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் உஷா 55.42 விநாடியில் ஓடி முடித்தார். வெண்கலம் வாங்கியவர் 55.41. ஒரு விநாடியை நூறு கூறு போட்டால் அதில் ஒரு கூறு! நாலாம் இடம், பதக்கம் இல்லை. குருவும் சிஷ்யையும் ஓய்ந்து உட்காரவில்லை. மறு ஆண்டே ஜக்கார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5 தங்கம். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் 4 தங்கம், 1 வெள்ளி.

1985-இல் முதன்முதலாக வழங்கிய துரோணாச்சாரியார் விருது நம்பியாருக்கும் கிடைத்தது. 2021-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டு 19-இல், 89 வயதில், அவர் கண்ணை மூடினார்.

பெற்றோர்களே! இன்று வெறுங்கையோடு வீடு வரும் பிள்ளையை, "நீ என்னத்தைக் கிழிச்சே?" என்று கேட்காதீர்கள். நாளைக்கும் திடலுக்கு அனுப்புங்கள். சிம்பாங் ரெங்கம் தோட்டத்துப் பிள்ளைகளின் நடையையும் ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அது ஆசிரியர்களாகிய எங்கள் கடமை.